சாவி இல்லாமல் பாடிய செட்டு

வயரின் மேல்தோலைப் பல்லால் கடித்து இழுக்கும்போது முதலில் நாக்கில் படுவது பிளாஸ்டிக்கின் சப்பென்ற வழவழப்பு. பிறகு நூல்நூலாகப் பிரிந்த செம்புக் கம்பி முன்பல் இடுக்கில் உரசி, அடிபட்ட விரலை வாயில் வைத்தால் வருமே, அந்த உப்புக் கலந்த சுவையை விட்டுவிட்டுப் போகும். வயர் உரிக்கிற கட்டர் வாங்கித் தருவதாக அத்தா சொல்லிக்கொண்டே இருந்தார், வாங்கித் தரவில்லை. எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். எட்டாம் வகுப்புப் படித்த அந்த வருடம் முழுக்க என் நாக்கில் அந்தச் சுவைதான் இருந்தது. வீட்டில் இருந்த ரேடியோ, எமர்ஜென்சி லைட், அம்மாவின் மிக்ஸி என்று திருப்புளி நுழைகிற எதையும் நான் விட்டுவைக்கவில்லை; "இவளுக்கு மூடி இருந்தா ஆகாது" என்பாள் அம்மா, தாலாட்டும் திட்டும் கலந்த ஒரு குரலில்.

திருப்பூரில் கீழே கம்பெனி, மேலே வீடு என்று நிற்கிற எத்தனையோ கட்டடங்களில் எங்களுடையதும் ஒன்று. பதினெட்டுத் தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், ஜன்னலோரம் ஓர் அயர்ன் டேபிள். நாலு மெஷின் இருந்தாலும் நானூறு இருந்தாலும் இங்கே பனியன் தைக்கிற இடத்துக்குப் பெயர் "கம்பெனி"தான். காலை எட்டரைக்கு மெஷின்கள் ஓடத் தொடங்கும்போது மாடியில் எங்கள் தட்டில் இருக்கும் இட்லி லேசாக நடுங்கும். கீழே ஷெட்டில் ஒரு வெள்ளைக் கார் நிற்கும். அத்தா அதைப் பழையதாகத்தான் வாங்கியிருந்தார். ஓட்டுவது பெரும்பாலும் செந்தில் அண்ணன். குன்னத்தூர்க்காரர், அப்போது முப்பதைத் தொட்டிருப்பார். என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டுவிட்டு, அத்தாவை ஏற்றிக்கொண்டு துணி பின்னால் அலையப் போவார்.

துணி பின்னால் அலைவது என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. பின்னி முடித்த துணி சாயப்பட்டறைக்குப் போகும், அங்கிருந்து அதைச் சுருக்கி அளவு பிடிக்கிற இடத்துக்குப் போகும். எங்கேயும் வாசலில் உட்கார்ந்திருக்கிறவனின் துணிதான் முதலில் வெளியே வரும். போனில் கேட்டால் "ஆச்சுங்க, ஏத்தறமுங்க" என்பார்கள், துணி தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும். ஆகவே அத்தா பாதி நாளைக் காரில் உட்கார்ந்து கழித்தார். அந்தக் காரோடு வந்த பாட்டுப் பெட்டி, "கம்பெனி செட்டு", பச்சை எழுத்தில் ஒற்றை வரி காட்டும், எஃப்.எம். பிடிக்கும், போட்ட சி.டி.யை விழுங்கும், திருப்பித் தராது. ஒருநாள் அத்தா என்னிடம், "இதை மாத்திப் போடலாமா கண்ணு, நீ பார்த்துச் சொல்லு" என்றார். பதின்மூன்று வயதில் அப்படி ஒரு கேள்வி வந்தால் தரையில் கால் நிற்குமா?

ஒரு வாரம் வீடியோக்களாகப் பார்த்துத் தீர்த்தேன். அவிநாசி ரோட்டில் வரிசையாக இருந்த கார் சாமான் கடைகளில் ஒன்றுக்கு அத்தாவை இழுத்துப் போனேன். ரஃபீக் என்ற ஃபிட்டர் டேஷ்போர்டின் விளிம்பில் தட்டையான ஒரு பட்டையைச் சொருகி நெம்பினார். கிளிப்புகள் "டப் டப்" என்று விட்டன. நாலு ஸ்க்ரூவோடு பழைய செட்டு கையோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு பொந்து, அதற்குள்ளிருந்து தொங்கும் வயர்க்கொத்து. பின் சீட்டிலிருந்து இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி நான் ஒவ்வொரு வயராகக் கேட்டேன். மஞ்சள் நேராகப் பேட்டரியிலிருந்து வருவது, எப்போதும் உயிரோடு இருக்கும். சிவப்பில் சாவியைத் திருப்பினால்தான் உயிர் வரும். கறுப்பு எர்த். "பாப்பா, நீ இங்கயே வந்துடு, நான் ஊட்டுக்குப் போயி படுத்துக்கறேன்" என்றார் ரஃபீக் அண்ணன். புதுசு டேஷ்போர்டில் உட்கார்ந்தபோது உள்ளங்கையை விரித்தாற்போல் கண்ணாடித்திரை, தொட்டால் நீலம் பரவும், போனோடு சேர்ந்துகொள்ளும், பாடும், வழி காட்டும்.

கம்பெனியே வந்து பார்த்தது. தையலை விட்டு எழுந்து வந்த பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு "டி.வி. மாதிரி இருக்குதே" என்றார்கள். கடைசியாக வந்தவர் அயர்ன் மாஸ்டர் பழனிச்சாமி. சேவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், ஐம்பது தாண்டியவர், ஆவியில் நின்று நின்று முகம் எப்போதும் குளித்துவிட்டு வந்தாற்போல் இருக்கும். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "ஏனுங் பாய், இதுல எங்கூட்டுக்காரி மூஞ்சி தெரியுமுங்களா?" என்று கேட்டார். "போன் பண்ணாத் தெரியும்" என்றார் அத்தா. "அப்ப எனக்கு அந்தப் பழசே போதுமுங்க." செந்தில் அண்ணன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தது எனக்கு இப்போதும் தெரிகிறது.

இரண்டு வாரத்தில் அத்தாவுக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. புதுசில் ஒரு குறை: சாவியை எடுத்தால் செட்டு செத்துவிடும், திரும்பப் போட்டால் படம் காட்டி உயிர் பிடிக்க ஒரு நிமிடம் எடுக்கும். காத்திருப்பதே வேலையான அவருக்கு இது பெரிய தொல்லை. சாயப்பட்டறை வாசலில் சாவியைத் தொங்கவிட்டு அரைத் தூக்கம் போடவும் அவருக்குப் பயம். "சாவி இல்லாம பாடற மாதிரி செஞ்சாத்தான் நல்லாருக்கும்" என்று சாப்பிடும்போது பொதுவாகச் சொன்னார். அது எனக்கு இடப்பட்ட கட்டளை போலவே காதில் விழுந்தது.

வழி எனக்குத் தெரியும். சிவப்பைச் சாவியிலிருந்து பிரித்து மஞ்சளோடு முறுக்கிவிட்டால் முடிந்தது. செட்டு எப்போதும் விழித்திருக்கும். திரையை அணைத்தாலும் உள்ளே அது தூங்காது, துளித்துளியாகப் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதும் தெரியும். நான் பார்த்த வீடியோவின் கீழே நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள், "இப்படிச் செய்யாதீர்கள்" என்று. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு, என் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு கணக்குப் போட்டேன்: அவர்கள் வாரத்துக்கு ஒருமுறை வண்டி எடுக்கிறவர்கள், எங்கள் வண்டி தினமும் ஓடுகிற வண்டி, ராத்திரி குடித்ததைப் பகலில் திரும்ப ஊற்றிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பெனிக்கு லீவு, ஷெட்டில் யாருமில்லை. பல்லால் உரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, பேனலை அமுக்கி மூடினேன். சாவியை அத்தா கையில் கொடுத்துவிட்டு, திரையைத் தொட்டேன். பாடியது. அத்தா என் தலையைப் பிடித்து ஆட்டினார். சாயப்பட்டறையில் தெரிந்தவர்களிடமெல்லாம் சாவியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பாட்டைப் போட்டு, "என் மக பண்ணுனது" என்றாராம்; செந்தில் அண்ணன் வந்து சொன்னார்.

என் கணக்கு தப்பில்லை. மூன்று மாதம் ஒரு குறையும் வரவில்லை. திங்கள்கிழமைகளில் மட்டும் வண்டி கொஞ்சம் இழுத்து இழுத்துக் கிளம்பியது. "ஞாயித்துக்கெழம லீவு உட்டா இதுக்கும் சோம்பேறித்தனம் வந்துருதுங் பாய், பேட்டரிய ஒருக்கா பாக்கோணுமுங்க" என்று செந்தில் அண்ணன் சொன்னதை, புத்தகப் பையோடு பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டேன். "தீவாளி கழியட்டும், பார்த்துக்கலாம்" என்றார் அத்தா. ஒருநாள் ஓய்வுக்கே இந்த வண்டி ஏன் இப்படி ஆகிறது என்று அவர்கள் இருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. தெரிந்ததை அந்த மூன்று பேர் இருந்த காருக்குள் நான் சொல்லவில்லை, சொன்னால் செட்டைப் பழையபடி மாற்றிவிடுவார்களே என்ற ஒரே காரணத்துக்காக.

தினமும் ஓடுகிற ஊர் என்று நான் நம்பிய ஊர், வருடத்தில் ஒரு வாரம் அப்படியே நின்றுபோகும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. தீபாவளிக்கு முந்தின நாட்களில் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடம் இருக்காது. மதுரைப் பக்கம், தேனிப் பக்கம், திண்டுக்கல் பக்கம் என்று தைக்கிறவர்கள் எல்லாரும் மூட்டையோடு கிளம்பிப் போய்விடுவார்கள். வடக்கேயிருந்து வந்தவர்களும் ரயிலேறி விடுவார்கள். அதற்குப் பிறகு தெருவில் நாய்கள் நடுவில் படுத்துத் தூங்கும். போனவர்கள் சொன்ன நாளில் திரும்பி வருவதும் கிடையாது. எங்கள் காரை அந்த ஒரு வாரமும் யாரும் எடுக்கவில்லை. ஷெட்டில் நிறுத்தி, பூட்டி, மிச்சத் துணியில் கம்பெனியிலேயே தைத்த உறையை மேலே போர்த்திவிட்டு செந்தில் அண்ணன் ஊருக்குப் போனார். அத்தா பக்கத்து வேலைகளுக்கு பைக்கை எடுத்துக்கொண்டார். உறைக்குள்ளே, இருட்டில், திரை அணைந்த அந்தச் செட்டு ஏழு நாளும் விழித்திருந்தது.

கம்பெனி திறந்த அன்று வந்தவர்கள் ஐந்தே பேர். செந்தில் அண்ணன், பீஸ் அடுக்குகிற "கைமடி" பெண்கள் மூன்று பேர், பழனிச்சாமி. தேங்கிக் கிடந்த பீஸ்களை அயர்ன் போட்டு முடித்தால் அனுப்பிவிடலாம் என்று அவரை அத்தா வரச் சொல்லியிருந்தார். நான் யூனிஃபார்ம் போட்டு, தலைமுடியின் ஒரு பக்கம் பின்னி மறுபக்கம் பின்னாமல் இருந்தேன். கீழே ஒரு பெண் "பாய்!" என்று அலறினாள். மெஷின் ஓடாத நாளாதலால் அந்தக் குரல் மாடிவரை தெளிவாக வந்தது.

ஓடிப் போனோம். பழனிச்சாமி டேபிளுக்கு அருகே தரையில் உட்கார்ந்து, நெஞ்சை வலது கையால் பிசைந்துகொண்டிருந்தார். "ஒன்னுமில்லீங்க... கொஞ்சம் அடைக்குது... சித்த நேரத்துல சரியாயிருமுங்க" என்றார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அத்தா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். பக்கத்தில் இருந்தது வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறது, அடுத்ததை அனுப்புகிறோம் என்றார்கள். "வண்டியெடு செந்தில்" என்றார் அத்தா. செந்தில் அண்ணன் உறையை உருவி எறிந்தார். நான் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியோரம் நின்றிருந்தேன். அவர் சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. மறுபடி திருப்பினார். பிறகு, துளியாவது கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க, கையைத் தூக்கி, கூரையில் இருக்கிற உள்விளக்கின் சுவிட்சைத் தள்ளினார். எரியவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, "தள்ளுங்க, தள்ளுங்க பாய்" என்று கியரைப் பிடித்தார்.

நாங்கள் தள்ளினோம். அத்தா, மூன்று பெண்கள், நான்; பழனிச்சாமியோடு அம்மா இருந்தாள். தெருக்கோடி வரை தள்ளினோம், வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது. பேட்டரி முழுக்கச் செத்த வண்டியைத் தள்ளி எழுப்ப முடியாது, பெட்ரோலை ஏற்றுகிற பம்புக்கே கரண்ட் வேண்டும் என்பது காலேஜில் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் தள்ளிய அந்த நேரமாவது மிஞ்சியிருக்கும். மற்ற நாளாக இருந்தால் அந்தத் தெருவில் ஆளுக்கொரு வண்டி வந்து நின்றிருக்கும். அன்று இரண்டு பக்கமும் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. அத்தா பைக்கில் போய் அடுத்த வீதியில் எங்கிருந்தோ ஒரு டெம்போவைப் பிடித்துக்கொண்டு வந்தார். துணி ரோல்களின் மேல் பழனிச்சாமியைப் படுக்க வைத்தார்கள். ஏற்றும்போது அவருக்குப் பேச்சு நின்றிருந்தது.

ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று சொன்னார்களாம். எவ்வளவு முன்னால் என்று யாரும் கேட்கவில்லை.

காரைத் திரும்பத் தள்ளிவந்து வாசலில் நிறுத்தியிருந்தோம். மதியம் சேவூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பழனிச்சாமியின் மூத்த மகன், அவருடைய தம்பிகள், இன்னும் நாலைந்து பேர். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஏனுங்க, ஊட்டு வாசல்ல காரு நிக்குது, எங்கப்பன டெம்போவுல போட்டுக் கொண்டுட்டுப் போயிருக்கறீங்க. ஏனுங்க?" என்று மகன் கேட்டார். வண்டி கிளம்பவில்லை என்றார் அத்தா. அதற்குள் மெக்கானிக் ஒருவர் வேறு பேட்டரியோடு வந்திருந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பானெட்டைத் தூக்கி, பழையதைக் கழற்றி, புதிதின் முனையில் கம்பியை மாட்டினார். மாட்டிய அந்த நொடியில் காருக்குள் கூரை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"அட, உள் லைட்டு ஆன்ல இருக்குதுங்க" என்றார் மெக்கானிக். "ஒரு வாரமா இது எரிஞ்சா பேட்டரி எப்படிங்க நிக்கும்?"

எல்லாத் தலையும் செந்தில் அண்ணன் பக்கம் திரும்பியது. "இல்லீங்க, நான் பாத்துத்தானுங்க பூட்டுனேன்" என்றார். மகன் நடந்து வந்து அவர் கன்னத்தில் அறைந்தார். செந்தில் அண்ணன் கையைக்கூடத் தூக்கவில்லை. "நான் பாத்துத்தானுங்க..." என்று மறுபடி தொடங்கியவரை அத்தாவே, "போதும், பேசாத" என்று அடக்கினார். அந்த நேரத்தில், யாரும் பார்க்கவில்லை என்று நான் நினைத்த இன்னொன்று காருக்குள் நடந்துகொண்டிருந்தது. டேஷ்போர்டில் செட்டின் திரை தானாக வெளிச்சமாகி, நீலம் பரவி, படம் காட்டி, உயிர் பிடித்துக்கொண்டிருந்தது. இக்னிஷனில் சாவி இல்லை.

மாடிப்படியில் நின்று நான் பார்த்தேன். விளக்கைக் காலையில் தள்ளியது யார், எப்போது, எதற்காக என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். என் வாய் திறக்கவில்லை. பதின்மூன்று வயது, பயம் என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். பயந்தது உண்மை, ஆனால் அறை விழுந்தபோது என்னைத் தொட்டுக்கொண்டு போன முதல் உணர்ச்சி பயம் அல்ல. அது நிம்மதி. அதைத்தான் என்னால் இதுவரை யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை.

மறுநாள் காலை அத்தா தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தபோது போய்ச் சொன்னேன். சிவப்பு, மஞ்சள், விளக்கு எல்லாவற்றையும், அழுகையில் முன்பின்னாகச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார், அடிப்பார், செந்தில் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். தொழுகை விரிப்பைச் சுருட்டிக்கொண்டே, "தெரியும் கண்ணு" என்றார். "நேத்து திரை தானா எரிஞ்சப்போ சாவி என் பாக்கெட்டுலதான் இருந்துச்சு."

பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "பாடணும்னு கேட்டவன் நான். இன்னிக்கு இதப் போய்ச் சொன்னா, பாயூட்டுப் புள்ள செஞ்சதால செத்தான்னு ஊரெல்லாம் பேசும். உம் பேரு அதுல ஒட்டிக்கும், கடைசி வரைக்கும் போகாது. செந்தில் ஆம்பளை, இன்னொரு எடத்துல ஓட்டிப் பொழச்சுக்குவான். நீ போய் அதைப் பழையபடி மாத்தி வச்சிடு." நான் போனேன். முறுக்கைப் பிரித்து, சிவப்பை அதன் இடத்தில் சேர்த்து, டேப் சுற்றினேன். அதற்குமுன் நான் செய்த எந்த வேலையும் அவ்வளவு சுத்தமாக அமைந்ததில்லை.

மூன்றாம் நாள் செந்தில் அண்ணன் வந்தார். வேலை இல்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது. சீட்டுக்கடியில் கிடந்த தன் துண்டையும் செருப்பையும் எடுத்துக்கொள்ள வந்தவர் போல வந்தார். அம்மா என் கையில் டீ கொடுத்தனுப்பினாள். அத்தாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாத்துத்தான் பூட்டுனேன்னு நெனச்சனுங் பாய். ஆனா அன்னிக்கு ஊருக்குப் போற அவசரம். பர்ஸத் தேடறதுக்கு லைட்டப் போட்டேன், அது நெனப்பிருக்குது. அமத்துனனான்னு எத்தன யோசிச்சாலும் வர மாட்டேங்குதுங்க. உட்டுத்தான் இருப்பனாட்ட இருக்குதுங்க." அத்தா பில் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் டம்ளரோடு நின்றேன். விளிம்பு சுட்டது, கை மாற்றிக்கொண்டேன். "குடு பாப்பா" என்று வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அவர் முன்னால் உண்மை நின்றுகொண்டிருந்த நேரம் ஒரு டீ ஆறுகிற நேரம்தான்.

இது நடந்து ஒன்பது தீபாவளி ஆகிவிட்டது. அந்தக் காரை அடுத்த மாதமே விற்றுவிட்டோம். கம்பெனியும் இப்போது இல்லை. மெஷின்கள் இருந்த ஹாலில் ஆன்லைனில் விற்கிறவர்களின் அட்டைப்பெட்டிகள் அடுக்கிக் கிடக்கின்றன, மாடியில் எங்கள் தட்டு நடுங்குவதில்லை. அவிநாசி ரோட்டில் அந்தக் கடை வரிசையில் செட்டு மாற்றுகிறவர்கள் குறைந்துபோய், சீட் உறையும் ஸ்டிக்கரும்தான் ஒட்டுகிறார்கள். புது வண்டிகளில் திரை தொழிற்சாலையிலேயே டேஷ்போர்டோடு பதிந்து வருகிறது. யாரும் நெம்பி எடுப்பதில்லை, எடுத்தாலும் வண்டியின் பாதி மூளை கூடவே வந்துவிடும். ஒரு பிள்ளை பல்லால் உரித்து இணைக்கிற அளவுக்குத் திறந்து கிடந்த வண்டிகள் போய்விட்டன. போனது நல்லதுதான் என்று நினைக்கிறேன். நான் இப்போது வண்டிகளுக்குள் போகிற மின்சாரத்தைப் பற்றித்தான் படித்து வேலை பார்க்கிறேன். நின்ற வண்டியில் எது எவ்வளவு குடிக்கிறது என்று அளப்பது என் அன்றாட வேலை. அளக்கும் ஒவ்வொரு முறையும் ஏழு நாள் என்று மனதுக்குள் ஒரு முறை பெருக்கிவிடுவேன்.

இந்த ஆனி மாதம் அத்தாவிடம், "செந்தில் அண்ணனைப் பார்த்துச் சொல்லப் போறேன்" என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லுவார் என எதிர்பார்த்து, பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில், ஒரு இடத்திலும் நிறுத்தாமல், குன்னத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். செந்தில் அண்ணன் எங்கே இருக்கிறார் என்று ஒன்பது வருடமும் அத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது.

பள்ளி விடுவதற்கு அரை மணி முன்பு போனேன். மஞ்சள் வேன்கள் வரிசையாக நிற்க, ஒன்றின் நிழலில் செந்தில் அண்ணன் நின்றிருந்தார். மீசை நரைத்திருந்தது. பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். "பாய் நல்லாருக்காருங்களா? நீங்க எங்க இருக்கறீங்க?" என்றார். அவர் வாயில் நான் பாப்பா இல்லை, நீங்க ஆகியிருந்தேன். நான் சொல்லத் தொடங்கினேன். தயார் செய்து போன வரிசையெல்லாம் கலைந்து, சிவப்பு வயர் மஞ்சள் வயர் என்று வகுப்பெடுப்பவள் போல உளறினேன். அவர் இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப உள் லைட்டு?"

"அன்னிக்குக் காலைல கரண்ட் இருக்குதான்னு பார்க்க நீங்கதான் தள்ளுனீங்க அண்ணா. நான் ஜன்னலோரம் நின்னு பார்த்தேன். எரியல. அப்படியே விட்டுட்டீங்க."

அவர் கையைத் தூக்கி, காற்றில், இல்லாத ஒரு சுவிட்சைத் தள்ளிப் பார்த்தார். அந்த அசைவு உடம்பில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுகிறவர் போல இரண்டு மூன்று முறை தள்ளினார். பிறகு வேனின் படியில் உட்கார்ந்தார்.

"வருசா வருசம் தீவாளி கழிச்சு சேவூருக்குப் போவனுங்க. மாஸ்டர் ஊட்டம்மா கால்ல உளுந்துட்டு வருவேன். மொத ரெண்டு வருசம் கதவத் தொறக்கல. அப்பறம் தண்ணி குடுத்துச்சு. போன வருசந்தான், 'போச்சாது உடப்பா, உன்ற நேரம்'னு சொல்லுச்சு." பிறகு, "என்ற சம்சாரத்துக்கும், புள்ளைங்களுக்கும், நாந்தான் உட்டுட்டேன்னு சொல்லி வச்சிருக்கறனுங்க. நானே நம்பிட்டேன். அன்னிக்கு லைட்டப் போட்டே வச்சுட்டு வந்தது கண்ணுக்குத் தெரியுமுங்க எனக்கு. தெளிவாத் தெரியும்" என்றார்.

"மன்னிச்சிருங்க அண்ணா" என்றேன். அதைவிடச் சின்னதாக ஒரு சொல் தமிழில் கிடையாது என்று சொல்லும்போதே தோன்றியது.

"டீ டம்ளரக் கையில வச்சுட்டு நின்னீங்களே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, நினைவு மட்டும் இருந்தது. "அப்பச் சொல்லியிருக்கலாமுங்க."

நான் சேவூருக்கு வந்து அந்த அம்மாவிடம் என் வாயால் சொல்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லி என்னைத் தப்பிக்க விடவில்லை. "சொல்லித்தானுங்க ஆகோணும். தீவாளி வரைக்கும் போக வேண்டாம், இந்த ஞாயித்துக்கெழமயே போலாம். என்ற சம்சாரத்தையும் கூட்டிட்டு வர்றேன். அவளும் கேக்கட்டும்" என்றார். சரி என்றேன். ஞாயிறு வர இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இதை எழுதுவதுகூட, அங்கே போய் நிற்கும்போது வார்த்தை முன்பின்னாகப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான்.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டும் என்று எழுந்து, வேனைப் பூட்டிவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தார். நானும் கூட நடந்தேன். பத்தடி போயிருப்போம். அவர் நின்றார், திரும்பினார், வேனுக்குப் போய் இரண்டு கையையும் கண்ணோரம் குவித்துக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே கூரையைப் பார்த்தார். வந்தார். நாலடி நடந்ததும் மறுபடி போனார்.

"இப்பத்தானே அண்ணா சொன்னேன்" என்றேன்.

"நீங்க சொன்னது வெளங்குதுங்க" என்றார் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமல். "ஆனா பாக்காமப் போனா காலு நகர மாட்டேங்குதுங்க."

நானும் போய் அவர் பக்கத்தில் நின்று, கைகளைக் குவித்து, கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விளக்கு அணைந்துதான் இருந்தது.